இல்லம் தேடிக் கல்வியும் தொடக்கநிலைத் தமிழ் வாசிப்பும்: பேச்சுவழக்கின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், உள்ளூர்த் தன்னார்வலர்களை, குறிப்பாகப் பெண்களை, மாலைநேர ஆசிரியர்களாக்கியது. அத்திட்டத்தின் பயனைக் கூடுதல் கற்பித்தல் நேரம் என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்க இயலுமா என்பது இக்கட்டுரையின் வினா. தமிழ் எழுத்துமுறையின் இயல்பு, பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தொலைவு, குழந்தை எழுத்தைக் கூட்டிச் சொல்லை அடையாளம் காணும் முறை ஆகியவற்றின் துணைகொண்டு, குழந்தையின் வழக்கையே பேசும் ஒருவர் அருகில் இருப்பது தொடக்கநிலை வாசிப்பில் தனிப்பயன் உடையது என்னும் கருத்து இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கநிலை எழுத்தறிவு, இரட்டை வழக்கு, உயிர்மெய், தன்னார்வலர், இல்லம் தேடிக் கல்வி, அறிவொளி இயக்கம்.

முன்னுரை

2020 மார்ச்சு மாதம் மூடப்பட்ட தொடக்கப்பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 19 மாதங்கள். கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. திறன்பேசி வைத்திருந்த வீடுகளில் புலனக் குழுக்கள் வழியே வீட்டுப்பாடங்கள் வந்தன. எட்டாம் வகுப்பு மாணவருக்கு அவை ஓரளவு பயன்பட்டிருக்கலாம். 2020இல் முதல் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தைக்கு நிலைமை வேறு. அக்குழந்தை பள்ளியின் படியை மிதிக்காமலேயே இரண்டாம் வகுப்பிற்குத் தேர்ச்சி பெற்றது. வாசிக்கத் தெரிந்த பின் வாசிப்பை மறப்பது ஒன்று. எழுத்தே அறிமுகமாகாமல் இரண்டாம் வகுப்புப் பாடநூலைத் திறப்பது வேறொன்று. கற்றல் இழப்பு என்னும் பொதுச்சொல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

தேசிய அளவில் இவ்விழப்பின் அளவை ஏசர் ஆய்வறிக்கை காட்டியது. இரண்டாம் வகுப்புப் பாடப்பகுதியை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 27.3 விழுக்காட்டினர், 2022இல் 20.5 விழுக்காட்டினர். முதலில் உள்ள எண்ணே மகிழ்ச்சி தருவதன்று என்பதும் கருதத்தக்கது. பெருந்தொற்று புதிதாக ஒரு சிக்கலைத் தோற்றுவிக்கவில்லை. இருந்த சிக்கலைப் பெரிதாக்கிக் கண்முன் நிறுத்தியது.

திட்டத்தின் அமைப்பு

இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு முதலமைச்சர் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாக 12 மாவட்டங்களிலும் பின்னர் மாநிலம் முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பயிலும் அரசுப்பள்ளிக் குழந்தைகளே இலக்கு. மாலை 5 மணி முதல் 7 மணி வரையிலான பொழுதில், ஏறத்தாழ 20 குழந்தைகள் கொண்ட குழுவிற்கு ஒரு தன்னார்வலர் கற்பிப்பார். தொடக்கநிலை வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டப்படிப்பும் தகுதியாக வரையறுக்கப்பட்டன. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள் இப்பணியில் இணைந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம், மரத்தடி என எங்கு இடம் கிடைத்ததோ அங்கு வகுப்பு நடந்தது.

அரசின் பணத்தாலும் அரசின் ஆணையாலும் நடந்த ஒன்றைச் சமூக முயற்சி எனலாமா என்ற ஐயம் எழுவது இயல்பு. திட்டத்தின் தொடக்கத்தில் வேறோர் ஐயமும் எழுந்தது. தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களைக் கற்பித்தலில் ஈடுபடுத்தப் பரிந்துரைப்பதால், அக்கொள்கை வேறு பெயரில் நுழைகிறதோ எனத் திராவிடர் கழகம் உள்ளிட்ட அமைப்புகள் வினவின. அரசு அதனை மறுத்தது. அவ்விவாதம் தன்னளவில் முக்கியமானது. ஆயினும் ஒரு தெருவின் குழந்தைகளுக்கு அதே தெருவைச் சேர்ந்த ஒருவர் கற்பிக்கும்போது அங்கு நிகழ்வது என்ன என்னும் வினாவிற்கு அதில் விடை இல்லை. ஆணை தலைமைச் செயலகத்திலிருந்து வந்தது. குழந்தையை வீட்டிலிருந்து அழைத்துவந்தது பக்கத்து வீட்டு அக்காவின் குரல். இக்கட்டுரை அக்குரலையே கருத்தில் கொள்கிறது.

முன்னோடிகள்

அயலார் கற்பித்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே; அவருக்கு அடுத்து மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு மணலில் எழுத்துகளை எழுதிக் காட்டுவான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப்பள்ளியை 1789 முதல் 1796 வரை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபார்ப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டே தம் முறையை உருவாக்கினார். (அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே குறித்தனர் என்பதை நினைவிற்கொள்ளலாம்.) 1797இல் அவர் வெளியிட்ட அறிக்கையின் வழி அம்முறை இங்கிலாந்திற்குச் சென்று, சென்னை முறை எனப் பெயர்பெற்றது. கற்றவன் கல்லாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ற எளிய ஏற்பாடு அது. திண்ணைப் பள்ளியைப் போற்றி எழுதுவோர், அத்திண்ணை எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். இல்லம் தேடிக் கல்வியின் திண்ணை அந்த வகையில் பழைய திண்ணை அன்று.

அண்மைய முன்னோடி அறிவொளி இயக்கம். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் முனைப்புடன் பரவிய அவ்வியக்கம் முதியோர் எழுத்தறிவை இலக்காகக் கொண்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்துடன் மிதிவண்டியும் கற்றுக்கொண்டது பரவலாக அறியப்பட்ட செய்தி. இல்லம் தேடிக் கல்வி அறிவொளியிடமிருந்து வெளிப்படையாகப் பெற்றுக்கொண்டது கலைப்பயணம். பறையும் பாட்டும் வீதி நாடகமுமாக ஊர்தோறும் கலைக்குழுக்கள் சென்று குழந்தைகளை அழைத்தன.

அறிவொளியிடமிருந்து கற்கத்தக்க மற்றொன்று எழுத்தை அறிமுகம் செய்த வரிசை. அவ்வியக்கத்தின் பாடம் அகரத்தில் தொடங்கவில்லை. பாவ்லோ ஃப்ரைரேயின் வழியில் வாழ்க்கையோடு பிணைந்த சொல்லில் தொடங்கியது. பட்டா என்பது அத்தகைய சொல். நிலமற்றவர்க்கும் நிலத்திற்காகக் காத்திருப்பவர்க்கும் அச்சொல் பொருளால் நெருங்கியது. எழுதுவதற்கு நேர்க்கோடுகளே மிகுந்த பகரமும் டகரமும் கைக்கு எளியவை. மேலும் ஒரே சொல்லில் அகரமேறிய மெய், புள்ளி பெற்ற மெய், நெடில் ஏறிய மெய் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழ் எழுத்துமுறையின் அடிப்படை முழுவதையும் மூன்றெழுத்தில் காட்டும் சொல் அது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பட்டா என்பதால் பொருளில்லை. ஆனால் கற்பவரின் வாயில் ஏற்கெனவே உள்ள சொல்லிலிருந்து தொடங்குதல் என்ற நெறி வயதைப் பொறுத்ததன்று.

எத்தனை எழுத்துகள்?

தொடக்கக் கல்வி பற்றிய உரையாடல்களில் தமிழின் 247 எழுத்துகள் ஒரு சுமையாகக் காட்டப்படுவது வழக்கம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. தொல்காப்பியம் முதலெழுத்துகளை முப்பது என வரையறுத்து, சார்பெழுத்துகளை வேறாக எண்ணுகிறது. இலக்கண நூலோர் முப்பதில் நிற்க, அரிச்சுவடி 247க்கு விரிகிறது. இவ்வேறுபாடு கணக்கு வேறுபாடு மட்டுமன்று. எழுத்தைப் பற்றிய இரு பார்வைகள். குழந்தை எந்தப் பார்வையில் வளர்க்கப்படுகிறது என்பது அதன் வாசிப்பைத் தீர்மானிக்கிறது. க, கா, கி, கீ என்பவற்றைத் தனித்தனி உருவங்களாக மனத்தில் இருத்தும் குழந்தை, மகர வரிசைக்கு வரும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ககரத்தின் மேல் ஏறிய விசிறி மகரத்தின் மேலும் அதே ஒலியைத் தருகிறது என உணர்ந்த குழந்தைக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

தமிழ் எழுத்துமுறை இவ்வுணர்வுக்குப் பெருமளவு இடங்கொடுக்கிறது. தேவநாகரியிலும் கன்னடத்திலும் மெய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூட்டெழுத்தாகின்றன. தமிழில் புள்ளி உண்டு. எனவே பக்கம் என்ற சொல்லில் ஒவ்வொரு மெய்யும் தனித்துத் தெரிகிறது. கன்னடக் குழந்தைகளின் எழுத்தறிவைக் குறித்துச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அக்குழந்தைகள் எழுத்துத்தொகுதி முழுவதையும் கைக்கொள்ளத் தொடக்கப்பள்ளியின் முதலிரு ஆண்டுகள் போதுவதில்லை எனக் காட்டியது. தமிழுக்கு அவ்வளவு காலம் வேண்டா எனக் கருத இடமுண்டு. எனினும் வழியில் மேடுபள்ளங்கள் உள்ளன. கெ, கே, கை என்பவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன் நிற்கிறது. கண் முதலில் காண்பதை நா பின்னர் ஒலிக்க வேண்டும். கொ, கோ என்பவற்றில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. உகர ஊகார வரிசைகளோ ஒரு நெறிக்கும் கட்டுப்படுவதில்லை: கு, சு, து, பு, மு என ஒவ்வொன்றும் ஒரு வடிவம். பெரியார் 1935 முதல் கைக்கொண்ட சீர்திருத்தங்களை அடியொற்றித் தமிழ்நாடு அரசு 1978இல் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றைச் சீராக்கியது. உகர ஊகார வரிசைகள் அப்படியே விடப்பட்டன. வா. செ. குழந்தைசாமி அவற்றையும் சீராக்க வேண்டுமெனப் பல்லாண்டு வாதிட்டார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை. அதன் விலையை இன்றும் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளே செலுத்துகின்றனர் எனலாம்.

கொடையும் குடையும்

எழுத்தின் வடிவம் பெரிய தடையன்று. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவே பெருந்தடை. சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்ற கருத்தை விரித்துரைத்தபின் தமிழ் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகப் பல முறை ஆராயப்பட்டுள்ளது. அவ்வாய்வுகளுள் பல வினைமுற்று, வேற்றுமையுருபு போன்ற இலக்கணக் கூறுகளை முதன்மைப்படுத்தின. ஆறு வயதுக் குழந்தைக்குத் தொலைவு அதற்கும் முன்பே, ஒற்றைச் சொல்லின் ஒலியிலேயே தொடங்குகிறது.

குடை படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் குழந்தை கொட என்கிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது முதலசையின் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் பேச்சில் தாழ்கின்றன. சொல்லிறுதி ஐகாரம் குறுகுகிறது. ஆகவே இலை எல ஆகிறது. விலை வெல ஆகிறது. குடம் கொடம் ஆகிறது. சொல்லிறுதி மகரம் மெய்யாக ஒலிப்பதில்லை. அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கொலி பெற்று நிற்கிறது. மரம் என்னும் சொல்லின் இறுதியில் ம் உள்ளது என ஆசிரியர் சொல்லும்போது, தன் செவியில் கேளாத ஓர் ஒலியைக் குழந்தை நம்பி ஏற்க வேண்டியுள்ளது. கண், பல், கல் என ஓரசைச் சொற்களைத் தேர்ந்து எளிமையாகத் தொடங்குவதாகப் பாடநூல் எண்ணுகிறது. குழந்தையின் மனத்தில் உள்ளவை கண்ணு, பல்லு, கல்லு என்னும் ஈரசைச் சொற்கள். எளிமை என நூல் கருதுவது குழந்தைக்கு ஓரசையை வெட்டியெறியும் வேலை.

குடை என எழுதச் சொன்னபோது கொட என எழுதும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் செவி பழுதற்றது. கேட்டதைக் கேட்டவாறே எழுதியுள்ளது. இருபுறமும் பிரிந்து நிற்கும் ஒகரக் குறியைச் சரியாக இட்டிருக்கிறது என்றால், எழுத்தறிவிலும் அது முன்னேறிய குழந்தை. திருத்துபவர் சிவப்பு மையால் அடித்துவிட்டால், ஒலியை நம்பி எழுதலாம் என்ற அடிப்படை நம்பிக்கையே அடிபடுகிறது. அரபு மொழிக் குழந்தைகளை ஆராய்ந்த எலினோர் சயேக்-ஹதாத், பேச்சுவழக்கில் இல்லாத ஒலிகளைக் கொண்ட எழுத்துவழக்குச் சொற்களைப் பிரித்தறிவது குழந்தைகளுக்குக் கடினம் என 2003இல் காட்டினார். தமிழ்க் குழந்தைக்கும் அவ்வகை இடர்ப்பாடு இருத்தல் வேண்டும் என்பது மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து பெறப்படும்.

வல்லின எழுத்துகள் இன்னொரு வகையில் சோதிக்கின்றன. கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கு இது சிக்கலன்று என மொழியியலார் கூறுவர். ஒலி இடத்தால் தீர்மானிக்கப்படுவதால் பேசும்போது அது சிக்கலன்றுதான். ஆனால் எழுத்துக்கூட்டும் குழந்தை ப, க, ல் எனத் தனித்தனியே ஒலித்து, பின் அவற்றை இணைக்கிறது. இணைத்தபின் கிடைப்பது பகல் என்ற சொல்லின் உண்மையான ஒலியன்று; அதற்கு அண்மையான ஓர் ஒலித்தொடர். அதிலிருந்து தனக்குத் தெரிந்த சொல்லுக்குக் குழந்தை தாவ வேண்டும். வாசிப்பு நிகழ்வது இத்தாவலில்தான்.

தாவலுக்கு இரண்டு தேவை. ஒன்று, சென்றடைய வேண்டிய சொல் குழந்தையிடம் ஏற்கெனவே இருத்தல். மற்றொன்று, தாவத் தயங்கும் கணத்தில் அச்சொல்லை எடுத்துக்கொடுக்கும் ஒருவர். கு, டை என எழுத்துக்கூட்டிவிட்டுத் திகைத்து நிற்கும் குழந்தையிடம், மழை வந்தா புடிப்போமே, கொட, அதுதான் என்று சொல்பவர் எழுத்துவழக்குக்கும் பேச்சுவழக்குக்கும் இடையே பாலமிடுகிறார். கொங்குப் பகுதியில் அப்பாலம் ஒரு வகை. நெல்லையில் வேறு வகை. மழை மள என ஒலிக்கும் ஊர்களில் இன்னொரு வகை. வெளிமாவட்டத்திலிருந்து பணிமாறுதலில் வந்த ஆசிரியர், எத்துணைத் திறமையாளராயினும், இதனைக் கற்றுக்கொள்ளக் காலமாகும். அத்தெருவிலேயே பிறந்தோ மணமுடித்து வந்தோ வாழும் தன்னார்வலருக்கு அது கற்க வேண்டிய ஒன்றன்று. அதனைப் பயிற்சிக் கையேட்டில் எழுதவேண்டிய தேவையும் யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றாததாலேயே மதிப்பீடுகளிலும் அது இடம்பெறுவதில்லை.

பள்ளி வகுப்பறையில் பேச்சுத் தமிழே ஒலிக்கவில்லை என்பது இதன் பொருளன்று. பெரும்பாலான தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பேச்சு நடையிலேயே விளக்குகின்றனர். பாடநூலை ஓதும்போது மட்டும் குரல் மாறுகிறது. குரல் மாறும் அந்த இடத்தில், தாம் எந்த வழக்கிலிருந்து எந்த வழக்கிற்குச் செல்கிறோம் என்பதைக் குழந்தைக்குச் சொல்வார் இல்லை என்பதே குறை.

அளவீடுகள் காட்டுவன

அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். 2021 டிசம்பரில் சோதிக்கப்பட்ட குழந்தைகள், அதே ஊர்களில் 2019இல் அதே வயதிலிருந்த குழந்தைகளைவிடக் கணக்கில் 0.73 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் பின்தங்கியிருந்தனர். பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இப்பின்னடைவில் மூன்றில் இரு பங்கு சரிசெய்யப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு, பள்ளிநேரத்திற்குப் பிந்தைய அரசின் ஈடுசெய் கற்பித்தலால், அதாவது இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

இவ்வெண்களை மிகைப்படுத்தாமல் படிக்க வேண்டும். மூன்றில் இரு பங்கின் 24 விழுக்காடு என்பது மொத்த இழப்பில் ஏறத்தாழ 16 விழுக்காடு. மீட்சியின் பெரும்பகுதி பள்ளி திறந்ததால் வந்தது. ஆகவே தன்னார்வலர்களைப் பள்ளிக்கு மாற்றாகக் கருதுவோர்க்கு இவ்வாய்வு துணைநிற்காது. அதேவேளையில் இந்த 24 விழுக்காடு, மாலை வகுப்பிற்கு வந்தோரையும் வாராதோரையும் சேர்த்துக் கணக்கிட்டது. வந்த குழந்தைக்குக் கிடைத்த பயன் அதனினும் கூடுதலாகவே இருக்கும். இழப்பு பின்தங்கிய வீட்டுக் குழந்தைகளை மிகுதியாகத் தாக்கியது என்பதும், மீட்சி அவர்களிடமே விரைவாக நிகழ்ந்தது என்பதும் அவ்வாய்வின் வேறு இரு முடிவுகள்.

மொழியில் இழப்பு கணக்கில் நேர்ந்ததில் பாதிக்கும் குறைவு என்பது தனியே நோக்கத்தக்கது. பள்ளி மூடியிருந்தபோதும் வீட்டிலும் தெருவிலும் மொழி மூடப்படவில்லை என்பது இதற்குரிய எளிய விளக்கம். பாட்டியின் கதையும் விளையாட்டின் சண்டையும் சொல்வளத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தன. நின்றுபோனது அச்சொற்களை எழுத்தோடு இணைக்கும் பணி. எண்ணிக்கை வழியாக இவ்விளக்கத்தை மெய்ப்பிக்க அவ்வாய்வின் சோதனைகள் வடிவமைக்கப்படவில்லை. சொல்வளச் சோதனையையும் எழுத்துக்கூட்டும் சோதனையையும் பிரித்து, உள்ளூர் வழக்கையும் கணக்கிற்கொண்டு நடத்தப்படும் கள ஆய்வே அதனை முடிவுசெய்யும்.

2022 ஜூன் மாதம் அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் குழந்தைகளை வகுப்பால் அன்றிக் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. ஒரே வகுப்பில் மூன்று நிலைகளில் குழந்தைகள் உள்ளனர் என்பதை ஒப்புக்கொண்ட வகையில் இது துணிவான மாற்றம். இல்லம் தேடிக் கல்வியின் மாலை மையங்களில் வயது கலந்த குழுக்கள் இயல்பாகவே அமைந்திருந்தன என்பதும், அங்கு அக்காள் வாசிக்கத் தம்பி கேட்டிருந்தான் என்பதும் இதனோடு ஒப்பிடத்தக்கவை.

தன்னார்வலரின் ஊதியம்

மாதத்திற்கு 20 மாலைகள் எனக் கொண்டால் ஒரு மாலைக்கு 50 ரூபாய். அறிவொளித் தொண்டர்கள் அதுவும் பெறவில்லை என்று விடை கூறப்படலாம். இயக்கத்தின் தொண்டு வேறு, அரசுத் திட்டத்தின் பணி வேறு. பின்னதற்கு வருகைப்பதிவும் செயலியில் பதிவேற்றமும் பயிற்சிக் கூட்டங்களும் உண்டு. ஊக்கத்தொகை எனப் பெயரிட்டால் அது ஊதியமன்று. ஊதியமன்று எனில் உரிமையும் இல்லை. பட்டம் பெற்றும் ஊரைவிட்டு வேலைக்குச் செல்ல இயலாத பெண்கள் பலர் இப்பணியால் பிறர் மதிக்கும் நிலையை எய்தினர் என்பது உண்மை. அம்மதிப்பைக் காட்டி ஊதியக் குறைவை நியாயப்படுத்துவதும் பெண்களின் உழைப்பைப் பற்றிய பழைய கதைதான். மையங்கள் பின்னர் படிப்படியாகக் குறைக்கப்பட்டபோது, அப்பெண்கள் சேர்த்துவைத்திருந்த அனுபவத்தைத் தொகுத்துவைக்கும் ஏற்பாடு திட்டத்தின் அமைப்பில் இல்லை.

ஐந்து வயதுக்கு முன்

திட்டம் முதல் வகுப்பில் தொடங்கியது. எழுத்தறிவின் வேர் அதற்கு முன்பே ஊன்றப்படுகிறது. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகள் அங்கன்வாடியில் உள்ளனர். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அங்குப் பணியாளர் ஒருவரே உணவு, எடை, பதிவேடு, தடுப்பூசி நினைவூட்டல், கல்வி என அனைத்தையும் பார்க்கிறார். கல்வி கடைசியில் நிற்பதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்த ஆய்வு ஒன்றை அலெஹாண்ட்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோஃபர் வால்டர்ஸ் ஆகியோர் நடத்தினர். முன்பருவக் கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களுக்குப் பின் தொடர்ந்து மையத்திற்கு வந்த குழந்தைகள் கணக்கில் 0.29 திட்டவிலக்கமும் மொழியில் 0.46 திட்டவிலக்கமும் முன்னேறியிருந்தனர். ஊட்டக்குறைவும் குறைந்தது, ஒருவர் கற்பிக்க, மற்றவர் உணவையும் உடல்நலத்தையும் கவனிக்க நேரம் பெற்றதே காரணம் என அறியலாம். இங்கு மொழியில் பெற்ற முன்னேற்றம் கணக்கைவிட மிகுதி என்பதை, மேலே கண்ட இழப்பின் அளவோடு இணைத்து நோக்க வேண்டும்.

இப்பருவத்தில் எழுத்தைக் காட்டிலும் ஒலிக்கே முதலிடம். கண்ணு என்பதில் எத்தனை தட்டு, கொடம் என்பதும் கொட என்பதும் எப்படித் தொடங்குகின்றன, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு இயைகிறது என்னும் விளையாட்டுகள் குழந்தையின் வழக்கிலேயே நடத்தப்பட வேண்டியவை. அவ்விளையாட்டை முடித்துவரும் குழந்தை முதல் வகுப்பில் குடை என்ற சொல்லைக் காணும்போது, தான் சொல்லும் கொட பிழையன்று, அது எழுதப்படும் முறை இவ்வாறு என ஏற்றுக்கொள்ளும். இதற்கு ஒவ்வொரு வட்டாரத்திலும் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் வழங்கும் சொற்களை, அவற்றின் பேச்சொலியோடும் எழுத்து வடிவோடும் இணைத்துத் தொகுத்தல் முதற்பணி. தமிழகப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகளும் தமிழ்த் துறைகளும் வட்டார வழக்கு ஆய்வில் நீண்ட பயிற்சி உடையவை. தகவலாளராக முதியோரையே தேடிச் சென்ற அவ்வாய்வுகள் இனி அங்கன்வாடிக்கும் செல்லலாம். இல்லம் தேடிக் கல்வியில் பணியாற்றிய பெண்கள் அக்கள ஆய்வில் தகவலாளராக மட்டுமன்றித் தொகுப்பாளராகவும், அதற்குரிய ஊதியத்துடன், இடம்பெறத் தகுதியுடையோர்.